தன்னைத்தான் சோதித்தறிதல்: வேதத்திலும் வீட்டிலும்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் திருவிருந்து ஆராதனை. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை என்று ஒன்று உண்டு. மறுநாள் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகிறவர்கள் தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக நம் முன்னோர் ஏற்படுத்திய ஆராதனை அது. சனிக்கிழமை சாயங்காலம் செம்பூர் மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஆயத்த ஆராதனையிலோ பத்துப் பதினைந்து பேர்தான். மறுநாள் பந்திக்கு மட்டும் ஆலயம் நிறைந்துவிடும். விருந்துக்கு வர எல்லாருக்கும் ஆசை. அதற்கு முன்னால் கண்ணாடி பார்க்கத்தான் யாருக்கும் நேரம் இல்லை.

கிறிஸ்தவ வேதம் சொல்லும் சுயபரிசோதனை பற்றி எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி எழுத வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். இந்த மலரை வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர் என்பது எனக்குத் தெரியும். செட்டா நகர் திருச்செம்பூர் முருகன் கோவிலுக்குக் கிருத்திகை தவறாமல் போகிற நண்பர்கள்தான் எனக்கு இங்கே அதிகம். ஆனாலும் தன் குறையைத் தானே பார்ப்பது எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமான சரக்கு இல்லை. அடுத்தவன் தப்பைக் கவனிக்கிற கூர்மையோடு நம்முடைய தப்பையும் கவனித்தால் உலகத்தில் துன்பமே இராது என்ற கருத்தை, புறங்கூறாமை அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர் வைத்திருக்கிறார். ஆகவே நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு விஷயத்தை, கிறிஸ்தவ வேதம் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறது என்று சொல்ல முயல்கிறேன்.

எங்கள் வீட்டு டம்ளர்

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மா வருகிறார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தவரே. 1976-இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்றில் வளர்ந்தவர். பல வருஷமாக எங்களிடம் வேலை. வந்ததும் என் மனைவி டீ கொடுப்பாள். அந்த டீ ஒரு தனி டம்ளரில். விளிம்பு நசுங்கின பழைய எவர்சில்வர் டம்ளர். அது மற்ற டம்ளர்களோடு ஸ்டாண்டில் இருக்காது. சமையலறை ஜன்னல் திண்டில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும். வீட்டில் யாரும் இப்படிச் செய் என்று சட்டம் போடவில்லை. வழக்கம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு சனிக்கிழமை ஆயத்த ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். தாகம். சமையலறையில் கைக்கு எட்டியது அந்த டம்ளர்தான். எடுத்தேன். அடுத்த கணம், யோசிக்காமலே, அதைத் திரும்ப வைத்துவிட்டு ஸ்டாண்டிலிருந்து வேறொன்றை எடுத்தேன். தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் சுருக்கென்றது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கோபம், பொய், ஜெபக்குறைவு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. இந்த டம்ளர் மட்டும் வரவே இல்லை. எப்படி வராமல் போயிற்று? இந்தக் கட்டுரை முழுக்க நான் தேடுவது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

கொரிந்துப் பட்டணத்துப் பந்தி

பந்திக்கு முன் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எழுதப்பட்ட காலம் ஏறக்குறைய கி.பி. 55. அந்த ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்துப் படித்தால், தனியாக உட்கார்ந்து மனசுக்குள் பாவங்களை எண்ணச் சொல்கிறார் என்றுதான் தோன்றும். நானும் நாற்பது வருஷம் அப்படித்தான் படித்தேன். ஆனால் அந்த அதிகாரத்தைப் பதினேழாம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். விஷயமே வேறு.

கொரிந்து எப்படிப்பட்ட ஊர்? கி.மு. 146-இல் ரோமர்களால் அழிக்கப்பட்டு, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் உத்தரவால் திரும்பக் குடியேற்றப்பட்ட ஊர். இரண்டு பக்கமும் இரண்டு துறைமுகம். விடுதலை பெற்ற அடிமைகள், வியாபாரிகள், கப்பல் கூலிகள், பல பாஷைக்காரர்கள் பிழைக்க வந்து சேர்ந்த பட்டணம். சொல்லப்போனால் நம்ம மும்பை மாதிரிதான். அங்கே சபை கூடியது யாராவது ஒரு வசதியான விசுவாசியின் வீட்டில். திருவிருந்து என்பது அப்போது ஒரு துண்டு அப்பமும் ஒரு வாய் ரசமும் மட்டும் இல்லை. சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. வசதி உள்ளவர்கள் சீக்கிரம் வந்து தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே சாப்பிட்டு முடித்தார்கள். வேலை முடிந்து வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் சாப்பாட்டு அறை ஒன்பது பத்துப் பேர் சாய்ந்து சாப்பிடும் அளவுதான் என்பதால், மற்றவர்கள் முற்றத்தில் நின்றிருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கிறார்கள். உள்ளே ஒரு பந்தி, வெளியே ஒரு பந்தி!

இந்த அநியாயத்தைக் கண்டித்துத்தான் பவுல் அந்தக் கட்டளையைக் கொடுக்கிறார். அதிகாரத்தை முடிக்கும்போதும், சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றுதான் முடிக்கிறார். அப்படியானால் அவர் கேட்கிற கேள்வி, "உன் மனசுக்குள் என்ன இருக்கிறது?" என்பது மட்டும் இல்லை. "உன் பந்தியில் யார் இல்லை?" என்பதும்தான்.

உரைகல்லும் கண்ணாடியும்

சோதித்தல் என்பதற்குப் பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல் தொகிமாட்ஸோ. உலோகத்தின் தரத்தைப் பரிசோதிப்பதற்கு வழங்கிய சொல் அது. ஜவேரி பஜாரில் பழைய தட்டான் கடைகளைப் பார்த்தவர்களுக்கு உரைகல் தெரிந்திருக்கும். தங்கத்தைப் பார்த்து நீ சுத்தமா என்று யாரும் கேட்பதில்லை. கல்லில் உரசுகிறார்கள், கோடு சொல்லிவிடுகிறது. அதேபோல என் யோக்கியதையை என்னிடமே கேட்டால் நல்ல சர்டிபிகேட்தான் கிடைக்கும். யாரோடு உரசுகிறேனோ அங்கேதான் நிஜமான கோடு விழுகிறது. மேலதிகாரியிடம் நான் காட்டுகிற மரியாதை என் மரியாதைக்கு உரைகல் ஆகாது. என்னை எதிர்த்துக் கேட்க முடியாத ஆளிடம் நான் எப்படி நடக்கிறேன் என்பதுதான் உரைகல்.

யாக்கோபின் நிருபம் இன்னோர் உவமை சொல்கிறது. வசனத்தைக் கேட்டுவிட்டு அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பால் போன உடனே தன் சாயல் என்னவென்று மறந்துபோகிறவனுக்குச் சமம். அந்தக் காலத்துக் கண்ணாடி, மெருகேற்றிய வெண்கலம். அடிக்கடி தேய்த்துத் துலக்காவிட்டால் முகம் தெரியாது. அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள்: சபைக்கு மோதிரம் போட்ட பணக்காரன் வந்தால் நல்ல இடம், கந்தை கட்டினவன் வந்தால் நில் அல்லது கீழே உட்கார். இப்படிச் செய்கிறவர்களை யாக்கோபு கடிந்துகொள்கிறார். கண்ணாடி உவமைக்குப் பின்னாலேயே ஆசனப் பிரச்சினை வருகிறது. கொரிந்துவில் பந்தி, யாக்கோபில் ஆசனம். சோதனை என்ற பேச்சு வருகிற இடத்தில் எல்லாம் பக்கத்தில் இன்னொரு மனிதன் நிற்கிறான்.

தன் கண் தனக்குத் தெரியாது என்பதையும் வேதம் மறைக்கவில்லை. தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொல்கிறார். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. அவனுக்குத் தண்டனை விதிக்கிறார். அந்த மனிதன் நீயேதான் என்று நாத்தான் சொன்ன பிறகுதான், உரியாவின் மனைவியை எடுத்து அவனையும் கொல்லச் செய்த தன் செயல் தாவீதுக்குத் தெரிகிறது. அடுத்தவன் வழக்கில் அவர் நல்ல நீதிபதி. தன் வழக்கில் குருடர். அதனால்தான் 139-ஆம் சங்கீதத்தில், தன்னை ஆராயும்படி பக்தன் கடவுளையே கேட்டுக்கொள்கிறான். நான் என்னைச் சோதித்தால் போதாது என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது.

சோதிக்கும் வழிமுறைகள்

இதற்குச் சபைகள் பல முறைகளை வகுத்திருக்கின்றன. கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்தவர்கள் சின்ன வயசிலேயே மனப்பாடம் செய்த ஐந்து காரியங்கள் உண்டு: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்ப்பது. முதல் படி ஆத்தும சோதனை. கடைசிப் படி கடனைத் தீர்ப்பது. முதலிலிருந்து நேரே நாலாவதுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுவதுதான் நம் வழக்கம்.

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், 1548-இல் அச்சான தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் இதை ஒரு கணக்குப்பிள்ளையின் ஒழுங்கோடு அமைத்தார். முதலில் நன்றி சொல்ல வேண்டும். பிறகு தன் குறையை அறியும் வரத்தைக் கேட்க வேண்டும். பிறகு அந்த நாளை மணிக்கணக்காக, நினைவு, சொல், செயல் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். கடைசியாகத் திருத்திக்கொள்ளத் தீர்மானிக்க வேண்டும். இதோடு ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு அதை மட்டும் தொடர்ந்து கவனிக்கிற முறையும் உண்டு. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. தவறும்போதெல்லாம் கோட்டில் ஒரு புள்ளி. இன்றைக்கு நேற்றைவிடப் புள்ளி குறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

சீர்திருத்தச் சபைகளிலும் இது குறைவில்லை. 1517-இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றியதுதான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் பிள்ளை. உள்ளத்தை ஆராய்வதும், அதை நாட்குறிப்பில் எழுதுவதும் அந்த இயக்கத்தாரின் அன்றாடப் பழக்கம்.

ஆக, தமிழ்நாட்டுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமான இரண்டு கூட்டத்தாருமே சுயபரிசோதனையில் தேர்ந்தவர்கள். அப்படியானால் அவர்கள் வளர்த்த சபைகள் எப்படி இருந்திருக்க வேண்டும்?

நம் ஊர்ச் சுவர்

இங்கேதான் சங்கடமான பகுதி ஆரம்பிக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தித் தமிழும் வடமொழியும் கற்ற மேதை. இயேசு சபைத் துறவி. தினமும் ஆத்தும சோதனை செய்கிறவர். ஆனால் அவருடைய முறையில் மேல்சாதியாருக்குத் தனிக் குருவும், பிற்பாடு கீழ்ச்சாதியாருக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறு குருக்களும் ஏற்பட்டார்கள். லூத்தரன் சபைகளிலும் 18-ஆம் நூற்றாண்டிலேயே சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை வந்துவிட்டது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் இல்லை. சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னர் மதித்த கவிஞர். இன்றும் அவர் பாடல்களைத்தான் கண்ணீரோடு பாடுகிறோம். அவரே 1829-இல் சபைக்குள் சாதி வழக்கத்தை ஆதரித்து ஒரு நூல் எழுதினார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுவதுமாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே பந்தி, ஒரே பாத்திரம் என்றதும் வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சி சபைகளில் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். பாத்திரத்தில் பகிர வேண்டியது கிறிஸ்துவின் இரத்தம் என்று நம்பினவர்கள்தான். அந்த நம்பிக்கையைவிட, யாருடைய உதடு அதில் பட்டது என்பது பெரிதாகப் பட்டது.

எங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தில் இது சுவராகவே நின்றது. 1872-இல் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி விரியும் இரண்டு கைகள் மாதிரி இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் முதலியவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நடுவில் தடுப்புச் சுவர். கால்சட்டை மாதிரி இருந்ததால் கால்சட்டைக் கோவில் என்றே பேர். 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. பழைய பிரிவினையைத் திரும்பக் கேட்டவர்கள் தோற்றார்கள். கவனியுங்கள்: இரண்டு மண்டபக் கோவில் எழுந்தது இயேசு சபைக் குருக்கள் காலத்தில். சுவரை அகற்றியவரும் இயேசு சபைக் குருவே. இரண்டு தரப்பாரும் செய்தது ஒரே ஆத்தும சோதனைதான். ஒரு தலைமுறையின் கேள்வித்தாளில் சுவர் இல்லை. அடுத்த தலைமுறையின் கேள்வித்தாளில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்கு என் டம்ளர் ஏன் ஞாபகம் வரவில்லை என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிட்டது. எல்லாரும் சேர்ந்து செய்கிற பாவம் பாவமாகத் தெரியாது, வழக்கமாகத் தெரியும். தனி ஆளாக நான் சொன்ன பொய் உறுத்தும். ஊரோடு ஒத்து நான் வைத்த டம்ளர் உறுத்தாது.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாடு சபையின் பணியையே கெடுக்கிறது என்று எச்சரித்தார். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்ட விவகாரம் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களுக்கான தன் கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒரு ஸ்தாபனம் தன் குற்றத்தைத் தானே எழுதி அச்சிடுவது சின்ன விஷயம் இல்லை. ஆத்தும சோதனை என்ற முதல் படி அது. கடைசிப் படியான பரிகாரத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

ரயிலில் வந்த சுவர்

பிழைக்க மும்பைக்கு வந்தபோது, சாதி ஊரோடு போயிற்று என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஹார்பர் லைன் கூட்டத்தில் யார் தோளில் யார் சாய்ந்து தூங்குகிறார்கள் என்று பார்க்க முடியாது. தாராவியில் தோல் ஷெட்டில் வேலை செய்தவரும், மாட்டுங்காவில் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவரும், செம்பூர் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவரும் இங்கே "மதராஸி" என்ற ஒரே பேரைத்தான் வாங்கினார்கள். 1960-களின் கடைசியில் நம்மைத் துரத்த நினைத்தவர்கள் நம்மிடம் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை.

ஆனாலும் கல்யாணப் பேச்சு வரும்போது பாருங்கள். கிறிஸ்தவ மணமகள் தேவை என்ற விளம்பரத்தில் சபையின் பேருக்குப் பக்கத்திலேயே சாதியின் பேரும் இருக்கிறது. மூன்று தலைமுறை மும்பையில் வாழ்ந்த குடும்பமும் அந்த ஒரு வரிக்கு மட்டும் ஊருக்குப் போன் போடுகிறது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் முறுக்கோடும் கருப்பட்டியோடும் சுவரும் ஏறி வந்திருக்கிறது. டிக்கெட் எடுக்காமலே வந்திருக்கிறது.

நான் எந்தச் சாதி என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு சாரார் வருத்தப்படுவார்கள். மற்றவர்கள் "நல்லவேளை, நாம இல்லை" என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதிதான் சுயபரிசோதனைக்கு முதல் எதிரி. தனக்கு மேலே உள்ள சுவரைப் பார்த்துக் கொதிக்கிறவன், தனக்குக் கீழே தானே எழுப்பின சுவரைப் பார்ப்பதில்லை. கோவிலில் பரிசேயன் செய்த ஜெபத்தை இயேசு கதையாகச் சொன்னதும் இதற்காகத்தான். அவன் தன்னைச் சோதித்தான். ஆனால் தூரத்தில் நின்ற வரி வசூலிக்கிறவனை அளவுகோலாக வைத்துக்கொண்டு சோதித்தான். பாஸாகிவிட்டான்!

காணிக்கையை வைத்துவிட்டுப் போவது

சரி, குறை தெரிந்துவிட்டது. அடுத்து? மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதைப் பார்ப்போம். பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். பிறகு வந்து காணிக்கை செலுத்தலாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கலிலேயாக்காரர் பலர். பலிபீடம் இருப்பதோ எருசலேமில். நடந்து போனால் பல நாள் வழி. திரும்பிப் போய், சமாதானமாகி, மறுபடியும் வர வேண்டுமென்றால் வாரக்கணக்காகும். நம் கணக்கில் சொன்னால், செம்பூர் ஆலயத்தில் காணிக்கைத் தட்டு நம் முன்னால் வரும்போது, ஊரில் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் ஞாபகம் வந்தால், தட்டைக் கடந்துவிட்டு வி.டி. ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறு என்று அர்த்தம்.

இன்னொரு நுணுக்கம்: எனக்கு யார்மேல் குறை என்று அவர் கேட்கவில்லை. என்மேல் யாருக்குக் குறை என்றுதான் கேட்கிறார். முதல் பட்டியல் நம் எல்லாரிடமும் சுத்தமாக டைப் அடித்துத் தயாராக இருக்கும். இரண்டாவது பட்டியலை எழுதத்தான் பேனா ஓடாது. யூதர்களின் மிஷ்னா நூலிலும் இதே கருத்து உண்டு: கடவுளுக்கு எதிரான பாவத்தைப் பாவநிவாரண நாள் தீர்க்கும், அயலானுக்கு எதிரான பாவத்தை, அந்த அயலானைச் சமாதானப்படுத்தாதவரை அது தீர்க்காது.

சகேயு கதையும் இப்படித்தான். எரிகோ பட்டணத்து வரி வசூல் தலைவன். இயேசு அவன் வீட்டுக்கு வந்ததும் அவன் அழுதான் என்று லூக்கா எழுதவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான் என்றே எழுதுகிறார். பழைய சட்டப்படி, தானே ஒப்புக்கொண்டவன் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி விற்றுப் பிடிபட்டவன்தான் நாலு மடங்கு தர வேண்டும். சகேயு தானாக ஒப்புக்கொண்டும் திருடனுக்குரிய கணக்கையே தனக்குப் போட்டுக்கொண்டான். அவனுடைய சுயபரிசோதனை கணக்கில் தெரிந்தது.

அளவு மீறினால்

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிலர் இதில் அளவு மீறிவிடுவார்கள். செய்யாத பாவத்துக்கும் அழுவார்கள். மன்னித்தாகிவிட்டது என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். இஞ்ஞாசியாரே 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது இப்படிப்பட்ட சந்தேக மனசாட்சியால் மிகவும் வதைபட்டார். அதனால்தான் அவருடைய முறை நன்றியில் ஆரம்பிக்கிறது. பவுலும் அதே கொரிந்தியர் நிருபத்தில், தம்மைக் குறித்த கடைசித் தீர்ப்பைத் தாமே சொல்லிக்கொள்வதில்லை என்கிறார். தன்னையே நோண்டிக்கொண்டிருப்பதும் ஒருவகையில் தன்னையே நினைத்துக்கொண்டிருப்பதுதான். மனசு நொந்துகொள்வதால் அடுத்தவனுக்கு ஒரு லாபமும் இல்லை. அவனுக்கு வர வேண்டியது வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சில கேள்விகளை நான் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு என்னிடம் பதில் பேச முடியாதவர் யாரிடம் குரலை உயர்த்தினேன்? யாருடைய கூலியை "நாளைக்கு வா" என்று தள்ளிவிட்டேன்? என் வீட்டில் யாருக்கு வேறு பாத்திரம், வேறு லிப்ட், வேறு வாசல்? என்மேல் யாருக்கு நியாயமான குறை இருக்கிறது? இதில் நான் நாளைக்குச் செய்யப்போகிற ஒரு காரியம் என்ன? எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் இவற்றைக் கேட்டுக்கொள்ளலாம்.

முடிவாக

டம்ளர் கதைக்கு வருகிறேன். அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அது எப்பவோ உறுத்துச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலியேன்னு விட்டுட்டேன்" என்றாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் ஊரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தபோது, எங்கள் டம்ளர்களில் ஒன்றில் டீ கொடுத்து, சாப்பாட்டு மேசையில் எங்களோடு உட்காரச் சொன்னோம். அவர் உட்காரவில்லை. "எதுக்கு அண்ணாச்சி, எனக்கு அந்த டம்ளரே போதும்" என்றார். நான், "இத்தனை வருஷம் தனி டம்ளர் வச்சது எங்க தப்பு, மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "எனக்குத் தெரியும்ல. உங்களுக்குத்தான் தெரியாம இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வேலையைப் பார்க்கப் போனார். மேசையில் உட்கார அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் காத்திருப்பது எங்கள் முறை.

எங்கள் கிராமத்துக் கோவிலில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, பெரிய கிடாரங்களில் சோறு பொங்கி, எல்லாரும் வரிசையாக இலை போட்டுச் சாப்பிடுவார்கள். சின்ன வயசில் அது எனக்குச் சாப்பாட்டுத் திருவிழா. இப்போது யோசித்தால், கொரிந்து சபைக்குப் பவுல் எழுதின நிருபத்துக்கு நம் முன்னோர் சோற்றால் எழுதின பதில் அது என்று தோன்றுகிறது. வருஷத்தில் ஒருநாள் இலை போடுவது சுலபம். மற்ற 364 நாளும் நம் சமையலறை ஸ்டாண்டில் யாருடைய டம்ளர் இல்லை என்று பார்ப்பதுதான் கஷ்டம். வேதத்தை வாழ்வாக்குவது அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.